ஐந்து வாட்டை உறிஞ்ச எத்தனை வாட் செலவழிக்கலாம்? அதிர்வைத் தணிக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு நடைபாலமோ ஒரு தளமோ ஆடுகிறது, அதை அடக்க வேண்டும் என்று பேச்சு வந்ததும், கூட்டத்தில் யாராவது ஒருவர் "ஆக்டிவ் கன்ட்ரோல் போட்டுவிடலாமே, சென்சாரும் கன்ட்ரோலரும் இப்போது மலிவுதானே" என்பார். ஆட்டத்தைச் சென்சாரால் அளந்து, மோட்டாரால் எதிர்த்திசையில் தள்ளி அடக்குவதுதான் அது. சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த மோட்டார் வருடம் முழுக்க எவ்வளவு மின்சாரம் குடிக்கும், குடிப்பதில் எத்தனை பங்கு உண்மையிலேயே அதிர்வைக் குறைக்கப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எல்லா வழிகளையும் உரசிப் பார்க்கப் போகிறேன்.

கணக்கு இல்லாமல் இது புரியாது, அதனால் ஒரு சின்ன பாலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் அதிர்வெண் 2 ஹெர்ட்ஸ், அந்த அசைவில் பங்குபெறும் நிறை 10 டன், தணிப்பு விகிதம் (ஆட்டம் தானாக எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதன் அளவு) வெறும் 0.5 சதவீதம். எஃகுப் பாலம் என்றால் இது சாதாரணம். ஒத்ததிர்வில், அதாவது தள்ளும் தாளமும் பாலத்தின் சொந்த அதிர்வெண்ணும் ஒன்றாகும்போது, வீச்சு எத்தனை மடங்கு பெருகும் என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: ஒன்றை, தணிப்பு விகிதத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும். 0.5 சதவீதத்துக்கு 100 மடங்கு. அதையே 3 சதவீதமாக்கினால் கிட்டத்தட்ட 17 மடங்கு. ஆக, தேவைப்படுவது இன்னும் இரண்டரை சதவீதம், அவ்வளவுதான்.

இந்தப் பாலத்தின் நடுவில் ஒருவர் நொடிக்கு இரண்டு அடி வைக்கும் வேகத்தில் காலை மாற்றி மாற்றி வைக்கிறார். அவர் எடையில் சுமார் 40 சதவீதம் அந்தத் தாளத்தில் மேலும் கீழுமாகப் பாலத்தைத் தள்ளும்; 300 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளலாம். கூடுதல் தணிப்பு இல்லாத பாலம் அதற்கு ஒத்ததிர்வில் 3 மீ/வி² முடுக்கம் வரை போகும், கால் வைக்கவே பயமாக இருக்கும். தணிப்பை 3 சதவீதமாக்கினால் 0.5 மீ/வி². அப்படியும் ஆட்டம் தெரியும்தான், ஆனால் யாரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

இந்த அளவுக்கு அடக்க என்ன விசை வேண்டும்? அந்த நிலையில் பாலத்தின் உச்ச வேகம் நொடிக்கு 4 செ.மீ., அதை எதிர்க்க வேண்டிய விசை சுமார் 250 நியூட்டன். இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால், பாலத்திலிருந்து நாம் உறிஞ்ச வேண்டிய சராசரித் திறன் வருகிறது: 5 வாட். ஆமாம், ஐந்தே வாட். பத்து டன் பாலத்தை ஆட்டிவைக்கும் சக்தி ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு எரியும் அளவுதான்.

இப்போது அதே வேலையை முழு ஆக்டிவாகச் செய்து பார்ப்போம். பாலத்துக்கு அடியில் 30 கிலோ நிறையைக் காந்தக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) மோட்டாரால் மேலும் கீழும் தள்ளுகிறோம்; அதன் எதிர்விசை பாலத்தை அடக்குகிறது. 250 நியூட்டன் வேண்டும் என்றால் அந்த நிறை இருபுறமும் 5 செ.மீ.க்குச் சற்று மேல் ஆட வேண்டும். மோட்டாருக்கு ஒரு எண் உண்டு: ஒரு வாட் வெப்பத்தை வீணாக்கி எத்தனை நியூட்டன் தருகிறது என்பது (விசை கூடக்கூட வெப்பம் அதன் இருமடியில் ஏறும்). அது 20 என்று வைத்தால், 250 நியூட்டன் உச்ச விசைக்குக் காயில் சூட்டில் போவது சராசரியாக 78 வாட். 5 வாட்டை எடுக்க 78 வாட் செலவு! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதைப் பொறியியல் கணக்காகப் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இது போக இன்னொன்று. 30 கிலோ நிறையை ஒவ்வொரு சுற்றிலும் வேகமாக்கி, நிறுத்தி, திரும்ப வேகமாக்க 80 வாட்டுக்கு மேல் சக்தி முன்னும் பின்னுமாகப் பாய்ந்துகொண்டே இருக்கும். அது செலவு இல்லை, போய்த் திரும்பி வருவது. ஆனால் உங்கள் டிரைவர் (மோட்டாருக்கு மின்சாரம் ஊட்டும் சுற்று) திரும்பி வருவதை வாங்கிக் கெபாசிட்டரில் சேர்த்துவைக்கத் தெரியாத மலிவு ரகமாக இருந்தால், வந்ததையெல்லாம் பிரேக் ரெசிஸ்டரில் எரித்துவிடும். அப்போது மேலே சொன்ன 78 வாட்டோடு நிற்காது.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றதும் பலரும் செய்வது கன்ட்ரோலரின் கெயினை, அதாவது ஆட்டத்துக்கு அது எவ்வளவு பலமாகப் பதில் தள்ளுகிறது என்பதைக் குறைப்பது. இதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து. தொடர்ந்து ஒத்ததிர்வில் இருக்கும் கட்டமைப்பில், ஆக்சுவேட்டர் (தள்ளும் கருவி, இங்கே நம் மோட்டார்) தர வேண்டிய விசை வெளியிலிருந்து தள்ளும் விசையைத் தாண்டவே தாண்டாது. கெயினைக் கூட்டக்கூட அந்த 300 நியூட்டனை நெருங்குமே தவிர மீறாது. காரணம் எளிது: தணிப்பு கூடினால் வேகம் குறைகிறது, விசை என்பது இரண்டின் பெருக்கல். நம் பாலத்தில் 3 சதவீதத்தை 6 ஆக்கினால் விசை 250-லிருந்து 275 நியூட்டன்தான் ஆகிறது, காயில் சூடு 78-லிருந்து 94 வாட். ஆட்டம் பாதியாகிறது, செலவு ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆகவே கெயினைக் கஞ்சத்தனமாக வைப்பதில் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

மிஞ்சுவது வேறு மூன்று இடங்களில். முதலாவது மோட்டார். அந்த 20 என்ற எண்ணை 40 ஆக்கினால் சூடு நாலில் ஒரு பங்கு, சுமார் 20 வாட். அதற்கு அதே காந்தப்புலத்தில் நாலு மடங்கு செம்பு வேண்டும், மோட்டார் கனமாகும். ஆனால் கனம்தானே நமக்கு வேண்டும்? காந்தக்கூட்டையே ஆடும் நிறையாக வைத்துவிட்டால் அந்தக் கனம் வீண் போகாது. இரண்டாவது சும்மா இருக்கும்போது ஆகும் செலவு. டிரைவர், சென்சார், கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து ஆட்டமே இல்லாத நேரத்திலும் 20 வாட் எடுத்தால் வருடத்துக்கு 175 யூனிட். பாலம் உண்மையிலேயே ஆடுவது தினமும் இரண்டு மணி நேரம் என்றால், அந்த 78 வாட் செலவு வருடத்துக்கு 57 யூனிட்தான். உழைக்கிறவனைவிட உட்கார்ந்திருக்கிறவன் மூன்று மடங்கு தின்கிறான். ஒரு சின்ன முடுக்கமானியை மட்டும் விழித்திருக்க வைத்து, ஆட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் டிரைவரை எழுப்பும்படி செய்வதுதான் எந்த நுணுக்கமான அல்காரிதத்தையும்விட அதிகம் மிச்சம் பிடிக்கும். மூன்றாவது ஸ்பிரிங். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

ஸ்பிரிங் ஒன்றும் கேட்பதில்லை

அதே 30 கிலோவை ஒரு ஸ்பிரிங்கிலும் சின்ன எண்ணெய் டேம்பரிலும் (அசைவைத் தடுத்து அதன் சக்தியைச் சூடாக்கும் கருவி) தொங்கவிட்டு, 2 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? இதுதான் டியூண்டு மாஸ் டேம்பர், டி.எம்.டி. ஜெர்மன் பொறியாளர் ஹெர்மான் ஃப்ராம் 1909-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை. பின்னாளில் பொறியியலாளர் டென் ஹார்டாக் அதற்கான சிறந்த அளவுகளைக் கணக்கிட்டுத் தந்தார். அவருடைய வாய்பாட்டில் நம் எண்களைப் போட்டால், பாலத்தின் நிறையில் 0.3 சதவீதமே உள்ள இந்த 30 கிலோ, மின்சாரமே இல்லாமல், பெருக்கத்தை 26 மடங்குக்குள் கொண்டுவந்துவிடுகிறது, அதாவது 2 சதவீதத் தணிப்புக்குச் சமம். 72 கிலோ வைத்தால் 3 சதவீதமே கிடைத்துவிடும். 78 வாட்டும் ஒரு கன்ட்ரோலரும் செய்த வேலையை 42 கிலோ கூடுதல் இரும்பு செய்துவிடுகிறது.

அப்படியானால் பேச்சே முடிந்துவிட்டதே என்று தோன்றும். பெரும்பாலான இடங்களில் முடிந்துவிட்டதுதான். லண்டனின் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்து, பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. 2002-ல் திரும்பத் திறந்தபோது அதில் இருந்தவை 37 விஸ்கஸ் (பிசுபிசுப்பான திரவத்தில் இயங்கும்) டேம்பர்களும் ஐம்பதுக்கு மேற்பட்ட டி.எம்.டி.களும்தான், மோட்டார் ஒன்றுகூட இல்லை. தைபே 101 கோபுரத்தில் தொங்கும் 660 டன் உருண்டையும் அப்படித்தான். 2015 ஆகஸ்டில் சௌடெலோர் புயலில் அது ஒரு மீட்டர் வரை ஆடியது, அதற்கு யாரும் ஸ்விட்ச் போடவில்லை.

ஆனால் சின்ன டி.எம்.டி.க்கு ஒரு பெரிய பலவீனம்: சுருதி பிசகினால் செத்தது. நம் 30 கிலோ வேலை செய்யும் அதிர்வெண் பட்டை 2 ஹெர்ட்ஸுக்கு இருபுறமும் 4 சதவீதம்தான். பதினைந்து பேர் பாலத்தின் நடுவில் வந்து நின்றால் ஒரு டன் கூடுகிறது, அதிர்வெண் 1.91-க்கு இறங்குகிறது, கிட்டத்தட்ட ஐந்து சதவீதம். தணிப்பு மிகவும் தேவைப்படும் நேரத்தில், கூட்டம் வந்த நேரத்தில், டேம்பர் வேறு சுருதியில் ஆடிக்கொண்டிருக்கும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் 72 கிலோ போதும் என்ற இடத்தில் 200 கிலோ வைக்கிறார்கள். கூடுதல் நிறை பட்டையை அகலமாக்கும். வைக்க இடமும் தாங்க வலுவும் இருந்தால் 200 கிலோவே வையுங்கள், வேறெதையும் யோசிக்காதீர்கள். இடம் இல்லை, அல்லது அதிர்வெண் ரொம்ப அலைகிறது, அல்லது பக்கத்துப் பக்கத்தில் மூன்று நான்கு அதிர்வெண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு டி.எம்.டி. வைக்க முடியாது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

பாதி வழி: விசை தராமல் தடையை மட்டும் மாற்றுவது

செமி ஆக்டிவ் என்பது கட்டமைப்பைத் தள்ளுவதே இல்லை. டேம்பர் எவ்வளவு கெட்டியாகத் தடுக்க வேண்டும் என்பதை மட்டும் நொடிக்கு நொடி மாற்றுகிறது. எம்.ஆர். (மேக்னெட்டோரியாலஜிக்கல்) டேம்பரில் எண்ணெயோடு நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். காயிலில் மின்சாரம் பாய்ந்தால் சில மில்லி நொடிகளில் அது கெட்டிப்படும். சக்தி முழுவதையும் கட்டமைப்பின் ஆட்டமே தருகிறது, நாம் தருவது காந்தப்புலத்துக்கு மட்டும். 20 டன் விசையுள்ள எம்.ஆர். டேம்பருக்கே சில பத்து வாட் போதும். 1998-ல் ஜப்பானின் கஜிமா கட்டுமான நிறுவனத்தின் ஷிசுவோகா கட்டடத்தில் வைத்தது எம்.ஆர். அல்ல, வால்வை மாற்றும் எண்ணெய் டேம்பர். 100 டன் விசை வரை தரும் ஒவ்வொன்றுக்கும் 70 வாட்தான். இதே விசையை ஒரு ஹைட்ராலிக் ஆக்சுவேட்டரால் தள்ளித் தருவதென்றால் பம்பு மட்டுமே ஓர் அறையை அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு நிம்மதி: சக்தியை உறிஞ்சத்தான் முடியும், ஊட்ட முடியாது என்பதால் கன்ட்ரோலர் கிறுக்குப் பிடித்தாலும் கட்டமைப்பை ஆட்டிவிட முடியாது. ஆக்டிவ் வகையில் அந்த உத்தரவாதம் இல்லை. 10 மில்லி நொடி தாமதம் 2 ஹெர்ட்ஸில் (முழுச் சுற்று 360 டிகிரி என்றால்) வெறும் 7 டிகிரி, கவலையே வேண்டாம்; அதே தாமதம் 50 ஹெர்ட்ஸில் 180 டிகிரி, அடக்க வேண்டிய விசை ஆட்டிவிடும் விசையாகிவிடும். மாடலில் நீங்கள் கணக்கில் எடுக்காத உயர் அதிர்வெண் ஒன்று திடீரென்று பாட ஆரம்பித்தால் காரணம் அனேகமாக இதுதான். சென்சாரையும் ஆக்சுவேட்டரையும் ஒரே இடத்தில் வைத்து வேகத்தை மட்டும் திருப்பி ஊட்டினால் பாதிப் பிரச்சினை ஒழியும். மீதிப் பாதி, ஆக்சுவேட்டரின் சொந்த அதிர்வெண் கட்டமைப்பின் முதல் அதிர்வெண்ணுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்தால் ஒழியும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் விசையின் கட்டம் (சுற்றில் அது எந்த நேரத்தில் வருகிறது என்பது) தலைகீழாகிவிடும்.

செமி ஆக்டிவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினாலும் எம்.ஆர். டேம்பரின் சீலில் உரசல் இருக்கும், மில்லிமீட்டர் கணக்கில் ஆடும் லேசான அமைப்பில் அந்த உரசலே அதைப் பூட்டிவிடும். நம் 30 கிலோ நிறைக்கு எம்.ஆர். போடுவது வீண், 5 டன் நிறைக்குப் போடுவது புத்திசாலித்தனம். ரஷ்யாவின் வோல்கோகிராட் பாலம் 2010 மே மாதம் காற்றில் அலைபோல ஆடியதைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மறு வருடம் அதில் எம்.ஆர். டேம்பரோடு கூடிய 12 டி.எம்.டி.கள் பொருத்தினார்கள். ஆட்டத்தின் அதிர்வெண் நகர்ந்தால் அவையும் கூடவே சுருதி மாற்றிக்கொள்ளும். சுருதி பிசகும் பிரச்சினைக்கு இதுவரை வந்த தீர்வுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்: சக்தியைச் செலவழிப்பது சுருதியைத் திருத்த மட்டும், தள்ளுவதற்கு அல்ல. செமி ஆக்டிவிலும், நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லச் சுருதி மாற்றும் வகை ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் நாலு முறை இயங்கி நிற்கும் ஸ்கைஹூக் (வானத்தில் கொக்கி போட்டுப் பிடித்ததுபோல் தடுக்க முயலும்) வகை இன்னொன்று. 1974-ல் கார்னாப் குழு முன்வைத்த ஸ்கைஹூக் வாகன சஸ்பென்ஷனுக்கு அருமையானது; கட்டடத் தளத்தில் அந்தத் திடீர் மாற்றங்களே புது அதிர்வைக் கிளப்பும்.

இப்போது திரும்ப மோட்டாருக்கு வருவோம். 1989-ல் டோக்கியோவில் 11 மாடி கியோபாஷி செய்வா கட்டடத்தில் கஜிமா வைத்ததுதான் உலகில் முதல் முழு அளவு ஆக்டிவ் அமைப்பு: 4 டன்னில் ஒன்று, கட்டடம் முறுக்குவதை அடக்க 1 டன்னில் இன்னொன்று. அதற்குப் பின் ஜப்பானில் வந்தவற்றில் பெரும்பாலானவை சுத்த ஆக்டிவ் இல்லை, கலப்பு வகை. 1993-ன் யோகோஹாமா லேண்ட்மார்க் டவர் ஓர் உதாரணம். நிறையை ஊசலாகவோ ஸ்பிரிங்கிலோ சுருதி சேர்த்துவிட்டு, மோட்டார் பற்றாக்குறையை மட்டும் நிரப்பும்.

ஏன் அப்படிப் போனார்கள் என்பது நம் 30 கிலோ கணக்கிலேயே தெரிகிறது. ஸ்பிரிங் இல்லாதபோது 250 நியூட்டனும் காயில் வழியாக வர வேண்டியிருந்தது. ஸ்பிரிங் சுருதியில் இருந்தால் நிறையை முன்னும் பின்னும் வீசும் வேலையை அதுவே இலவசமாகச் செய்கிறது. மோட்டாருக்கு மிச்சம் இருப்பது 2 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் உள்ள இடைவெளியும், கூட்டம் வந்து அதிர்வெண் இறங்கும்போது ஆகும் திருத்தமும்தான். விசை நாலில் ஒரு பங்கானால் சூடு பதினாறில் ஒரு பங்கு, 5 வாட். அதோடு, மின்சாரம் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கிறது: அது வெறும் டி.எம்.டி.யாகத் தொடரும்.

இந்தக் கேள்வி சும்மா இல்லை. மின்தடை வருவது பெரும்பாலும் புயலிலும் நிலநடுக்கத்திலும்தான், டேம்பர் தேவைப்படுவதும் அப்போதுதான். நியூயார்க்கின் சிட்டிகார்ப் கட்டடத்தில் இருக்கும் சுமார் 400 டன் கான்கிரீட் நிறை கொள்கையளவில் டி.எம்.டி. என்றாலும், அது எண்ணெய்ப் படலத்தில் மிதந்து நகர பம்பு ஓட வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். 1978-ல் அந்தக் கட்டடத்தின் போல்ட் இணைப்புகள் போதாது என்று தெரியவந்தபோது, புயலில் மின்சாரம் போனாலும் அந்த நிறை ஓட வேண்டும் என்று ஜெனரேட்டர்களை ஏற்பாடு செய்தார்கள். ஒப்பீட்டு அட்டவணைகளில் மின்தடையில் என்ன ஆகும் என்ற வரிசை எப்போதும் கடைசியில் இருக்கும், என்னைக் கேட்டால் முதலில் இருக்க வேண்டும்.

மெல்லிய தகடுகள், மோட்டார் ஏறாத இடங்கள்

விமானத் தகடு, செயற்கைக்கோள் கை, இயந்திர உறை போன்ற இடங்களில் இந்த நிறைக் கணக்கெல்லாம் பொருந்தாது. அங்கே ஒட்டுவது பீசோ, அதாவது வளைந்தால் மின்னூட்டம் தரும், மின்னழுத்தம் தந்தால் வளையும் பொருள். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு சுற்றைப் போட்டால், தகடு வளையும்போது வரும் மின்னூட்டம் அதில் கரைகிறது. வெறும் ரெசிஸ்டர் போட்டாலே கொஞ்சம் தணிக்கும். இண்டக்டரும் (கம்பிச் சுருள்) சேர்த்துச் சுருதி கூட்டினால் மின்சார டி.எம்.டி. மாதிரி நன்றாகத் தணிக்கும். 1990-களில் கே2 நிறுவனம் பனிச்சறுக்குப் பலகையிலேயே பீசோ வைத்து விற்றது.

மாட்டிக்கொள்வது இண்டக்டரில். 100 நானோ ஃபாரட் பீசோ, 1000 ஹெர்ட்ஸ் என்றால் கால் ஹென்றி போதும், கடையில் கிடைக்கும். அதே பீசோவை 20 ஹெர்ட்ஸுக்குக் கேட்டால் 630 ஹென்றிக்கு மேல் வேண்டும். அப்படி ஒன்றைச் செம்பில் சுற்றினால் தகட்டைவிட அது கனமாகும். ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) வைத்துப் போலி இண்டக்டர் செய்யலாம், அப்போது மின்சாரம் தேவைப்படும். அதனால் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஸ்விட்ச் வகைதான் என் தேர்வு: ஒவ்வொரு உச்சத்திலும் ஒரு ஸ்விட்ச் கண நேரம் மூடி, ஒரு சின்ன இண்டக்டர் வழியாக மின்னூட்டத்தைப் புரட்டிவிட்டுத் திறந்துகொள்ளும். ஸ்விட்சுக்கு வேண்டியதைப் பீசோவே தந்துவிடும், பேட்டரிகூட வேண்டாம்.

பீசோவை ஆக்டிவாகவே ஓட்டியாக வேண்டும் என்றால் ஆம்பிளிஃபையரைப் பாருங்கள். பீசோ ஒரு கெபாசிட்டர். கொடுத்ததில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். சாதாரண லீனியர் ஆம்பிளிஃபையர் அதை வாங்கிக்கொள்ளாமல் சூடாக்கிவிடும், ஸ்விட்சிங் வகை வாங்கிக்கொள்ளும்.

அதிர்விலிருந்தே மின்சாரம் எடுத்து அதிர்வையே அடக்கலாம் என்ற கனவைப் பற்றியும் கேட்பீர்கள். பீசோ ஸ்விட்சுக்கு அது நடக்கிறது. பாலத்துக்கு நடக்காது: 3 சதவீதம் வரை தணித்தால் கிடைப்பது 5 வாட்தான், அதுவும் இழப்பெல்லாம் போவதற்கு முன். மேலும், மின்சாரம் அதிகபட்சமாகக் கிடைப்பது, நீங்கள் சேர்க்கும் மின்தணிப்பு கட்டமைப்பின் சொந்தத் தணிப்புக்குச் சமமாக இருக்கும்போது. நம் பாலத்தில் அது மொத்தம் ஒரு சதவீதம்தான். அதற்கு மேல் தணித்தால் ஆட்டம் குறையும், மின்சாரமும் குறையும். இரண்டையும் ஒரே கருவியிடம் முழுதாகக் கேட்க முடியாது. சென்சாரையும் கன்ட்ரோலரையும் ஓட்டும் அளவுக்குச் சேமித்தால் அதுவே பெரிது.

சரி, எதை வாங்குவது என்று நேராகக் கேட்டால்: நிறை வைக்க இடம் இருந்தால் பெரிய டி.எம்.டி., அதோடு கதை முடிந்தது. அதிர்வெண் அலைந்தால், நிறை டன் கணக்கில் இருந்தால், சுருதி மாற்றும் எம்.ஆர். வகை. இடம் இல்லாத லேசான பாலத்துக்கும் தளத்துக்கும் ஸ்பிரிங்கோடு கூடிய கலப்பு வகை. பக்கத்துப் பக்கத்தில் பல அதிர்வெண்கள் இருந்து, ஒரு ஸ்பிரிங்கால் எதற்கும் சுருதி சேர்க்க முடியாது என்றால் மட்டும் முழு ஆக்டிவ். அப்படி வாங்கும்போது விற்பவரிடம் கெயின், அல்காரிதம் பற்றிப் பேசும் முன் மூன்று எண்களை எழுத்தில் வாங்குங்கள்: ஒரு வாட் சூட்டுக்கு எத்தனை நியூட்டன், ஆட்டமே இல்லாதபோது எத்தனை வாட், திரும்பி வரும் சக்தியை டிரைவர் சேர்க்கிறதா எரிக்கிறதா. நடு எண்ணை மட்டும் சொல்லத் தயங்கினால், அவர் அதை அளந்ததே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்களே ஒரு வாட்மீட்டரைச் செருகி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.